சாம்பல்வால் பதுங்கி

"பறவை வானத்துலதானே பறக்கும்? உங்க முட்டியில எப்படி இவ்வளவு சேறு?"

துவைக்கப் போட்ட பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மனைவி கேட்டாள். அளவுகோல் வாயிலிருந்த டீயை விழுங்குவதா வேண்டாமா என்று திணறினார்.

அளவுகோல் என்பது நில அளவை அலுவலகம் அவருக்கு வைத்த பெயர். அங்கே அவர் தலைமை வரைவாளர். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ஆறங்குல ஸ்கேல் இருக்கும். யாராவது அழைப்பிதழ் கொடுத்தால்கூட ஓரம் நேராக வெட்டியிருக்கிறதா என்று வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தேதியைப் படிப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷர் நாலு மாதமாக வாய்க்கால் ஓரத்தில் கஞ்சாச் செடி வளர்க்கிறார் என்று யாராவது சொன்னால், சொன்னவனைத்தான் ஊர் உதைக்கும்.

காரணம் ரொம்ப சின்னது. கல்லூரியில் படித்தபோது நண்பன் ஒருவன் கொடுத்து இரண்டே இழுப்பு இழுத்தார். அறைக் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்து அரை மணி நேரம் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்கப்புறம் இருபத்தாறு வருஷமாக அவர் அப்படிச் சிரித்ததில்லை. நில அளவை அலுவலகத்தில் சிரிக்க என்ன இருக்கிறது? இன்னொரு முறை சிரித்துவிட்டுச் சாகலாம் என்று ஆசை. ஆனால் எங்கேயாவது போய் வாங்குவதென்றால் முன்பின் தெரியாத ஆளிடம் வாய் திறக்க வேண்டும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் ஜன்னலைத் திறக்கச் சொல்லவே கூச்சப்படுகிறவர் அவர். எப்படியோ நாலைந்து விதை கிடைத்தது. எப்படி என்று கேட்காதீர்கள், அது தனிக் கதை.

இடத்துக்கு மட்டும் பஞ்சமில்லை. வாய்க்காலை நேராக்கியபோது பாசனத் துறை வரைபடத்தில் பழைய கரை நின்றது, வருவாய்த் துறை வரைபடத்தில் புதுக் கரை ஏறியது. இரண்டு கோட்டுக்கும் நடுவே ஒரு துண்டு நிலம் யாருக்கும் சொந்தமில்லாமல் போனது. இது அந்தத் துறைக்காரனுடையது என்று இவன் நினைக்கிறான், இவனுடையது என்று அவன் நினைக்கிறான். அந்தப் பக்கம் ஒரு நாய்கூடப் போகாது. ஊரில் இப்படி நாலைந்து துண்டுகள் இருப்பது அளவுகோலுக்குத் தெரியும். ஒரு கடிதம் எழுதினால் திருத்திவிடலாம். இவரும் ஐந்து முறை எழுதி அதிகாரி மேசையில் வைத்தார். "இதுக்கு இப்ப என்ன அவசரம்?" என்று அதிகாரி ஐந்து முறையும் திருப்பி அனுப்பினார். நல்லதாகப் போயிற்று என்று ஒரு துண்டில் விதையை ஊன்றிவிட்டார்.

அடிக்கடி வெளியே போக ஒரு சாக்கு வேண்டுமே? கட்டம் போட்ட தாளில் பட்டியல் போட்டார். மீன் பிடிக்கப் போகிறேன் என்றால், மீன் எங்கே என்பாள். நடக்கப் போகிறேன் என்றால், என்னையும்தான் டாக்டர் நடக்கச் சொன்னார் என்று கூடவே கிளம்பிவிடுவாள். பறவை பார்க்கிறேன் என்றால்? பறவையை வீட்டுக்குக் கொண்டுவா என்று யாரும் கேட்க மாட்டார்கள். பழைய பைனாகுலர் ஒன்று வாங்கி, கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

முட்டிச் சேறு பற்றி அந்தப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை.

"அது வந்து... சில பறவை தரையிலேயே இருக்கும். மண்டி போட்டுத்தான் பார்க்கணும்."

"அப்படி என்ன பறவை?"

"சாம்பல்வால் பதுங்கி" என்றார். அது எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது.

"கேள்விப்பட்டதே இல்லையே."

"ரொம்ப அபூர்வம். முப்பது வருஷமா யார் கண்ணுலயும் படல."

அபூர்வம் என்று சொன்னதுதான் அவர் செய்த தப்பு. கல்யாணமாகி இருபது வருஷத்தில் புருஷனைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அவளுக்கு முதல் தடவையாக ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது. விடுவாளா? அவர் குளித்துவிட்டு வருவதற்குள் அலுவலகக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் செய்தி ஏறிவிட்டது. முப்பது வருஷமாகக் காணாமல் போன பறவையை என் வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிட்டார். கூடவே கைதட்டும் படம் ஏழு.

மறுநாள் காலை அதிகாரி கூப்பிட்டனுப்பினார்.

அதிகாரி குரல் உயர்த்தாத மனுஷர். கோப்பில் கையெழுத்துப் போடும்போதுகூடப் பேனா சத்தம் கேட்காது. அன்றைக்குக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"நான் நகரப் பறவை ஆர்வலர் சங்கத் தலைவர்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"பதினோரு பேர் இருக்கோம். பன்னெண்டு வருஷமா நடத்துறோம். புதுசா யாரையும் சேர்க்கிறதில்ல." பேனாவை மூடி வைத்தார். "அந்தப் பறவையை எங்க பார்த்தீங்க?"

வாய்க்கால் பக்கம் என்று சொன்னால் முடிந்தது கதை. வேலை போகும், பென்ஷன் போகும், கையில் விலங்கு மாட்டுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, கைதட்டும் படம் ஏழு போட்டவள் முகத்தில் முழிக்க வேண்டும். ஊரின் மறுகோடியில் யாருமே போகாத வேறொரு துண்டு அவர் ஞாபகத்துக்கு வந்தது.

"பழைய செங்கல் சூளைப் பக்கம் சார்."

அதிகாரியின் முகம் ஒரு மாதிரி ஆனது. "சூளைக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னால சார். புதருக்குள்ள."

"புதருக்குள்ள போய்ப் பார்த்தீங்களா?"

"இல்ல சார், பைனாகுலர்லதான்."

"எல்லாம் தெரிஞ்சுதா?"

"நல்லா தெரிஞ்சுது சார்" என்றார் அளவுகோல், பைனாகுலரைக் குறை சொல்வானேன் என்று.

அதிகாரி ஒரு டம்ளர் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தார். ஒரு பறவைக்கு இவ்வளவு உணர்ச்சிவசப்படுகிறாரே, பைத்தியம் முற்றிப்போச்சு போல என்று நினைத்துக்கொண்டு அளவுகோல் வெளியே வந்தார்.

பறவை சூளையிலேயே இருந்தால் கூட்டம் கூடிவிடும், இல்லையென்று தெரிந்தால் பொய் உடைந்துவிடும். அதனால் இரண்டு நாள் கழித்து அவரே போய், "பறவை இடம் மாறிடுச்சு சார், இப்ப பம்ப் அறைக்குப் பின்னால" என்றார். அதுவும் அப்படி ஒரு துண்டுதான். அதிகாரி நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். ஆனால் சாயங்காலம் ஒரு தொலைபேசி வந்தது.

"நான் சங்கத்துப் பொருளாளர் பேசறேன். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை." குரலைக் கேட்டதும் அளவுகோல் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். "பம்ப் அறைக்குப் பின்னால என்ன பார்த்தே?"

"பறவை டீச்சர்."

"பறவையை மட்டும்தானா?"

"சுத்துமுத்தும் பார்த்தேன் டீச்சர். நாளைக்கு நோட்டு எடுத்துட்டுப் போய்ப் படமே வரைஞ்சுடறேன்." ஆர்வம் இருப்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டாமா?

"படமெல்லாம் வரைய வேணாம்" என்று சொல்லி டீச்சர் போனை வைத்துவிட்டார்.

பதறிப்போன அளவுகோல் பறவையைப் பழைய ரயில் பாதைப் பக்கம் விரட்டினார். அன்றைக்கு மத்தியானமே சங்கத்துப் பல் டாக்டர் அலுவலகத்துக்கு நேரில் வந்து நின்றார். வாயைத் திறக்கச் சொல்லாமல் அவர் கேட்ட கேள்விகளைப் பார்த்தால் போலீஸ் பரவாயில்லை. எத்தனை மணிக்குப் போனாய், எந்த வழியாகப் போனாய், கூட யார் வந்தார்கள், யாரிடமாவது சொன்னாயா, போட்டோ எடுத்தாயா? அளவுகோல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். எதுவும் நடக்காத ஒரு விஷயத்தைப் பற்றி இவ்வளவு விவரமாக அவர் வாழ்க்கையில் பேசியதே இல்லை.

"உயிரை வாங்கறாங்க" என்று மனைவியிடம் புலம்பினார்.

"பொறாமைங்க. அவங்க கண்ணுல படாதது உங்க கண்ணுல பட்டுடுச்சே. விட்டுக் கொடுத்துடாதீங்க" என்று அவள் கட்டளை போட்டாள். கையோடு குழுவில் இன்னொரு செய்தியும் போட்டாள். என் வீட்டுக்காரர் ஊரில் ஒரு புதர் விடாமல் தேடப் போகிறார்.

வெள்ளிக்கிழமை அதிகாரி மறுபடி கூப்பிட்டார். மேசைமேல் நகர வரைபடம் விரித்திருந்தது. அளவுகோல் தன் கையால் வரைந்த வரைபடம்தான். அதில் சிவப்புப் பென்சிலால் மூன்று வட்டம் போட்டிருந்தது.

"சூளை, பம்ப் அறை, ரயில் பாதை" என்று அதிகாரி விரலை வைத்து நகர்த்தினார். கண்கள் சிவந்திருந்தன, பாவம், தூங்கவில்லை போல. "இந்தப் பறவைக்கு யாருக்கும் சொந்தமில்லாத இடமாப் பார்த்துத்தான் உட்காரத் தெரியுது. அப்படின்னா அடுத்து எங்க வரும்?"

விரல் வாய்க்கால் ஓரத் துண்டில் போய் நின்றது. கோடு சுத்தமாக, அழகாக இருந்தது. வரைந்தவரே பாராட்டும்படி இருந்தது.

"ஞாயித்துக்கிழமை காலையில சங்கம் முழுக்க அங்க வர்றோம். நீங்களும் வரணும். எங்க எதிர்ல நின்னு பறவையைக் காட்டிடுங்க. அதோட இந்த விவகாரத்தை முடிச்சுக்கலாம்."

"இல்ல சார், அங்க பாம்பு..."

"பறவையைக் காட்டுங்க" என்றார் அதிகாரி. குரலை உயர்த்தவே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் அளவுகோல் வாய்க்கால் ஓரத்துக்குப் போனார். ஐந்து செடியும் அவர் மார்பு உயரத்துக்கு நின்றன. ஒரே இடைவெளியில், ஒரே நேர்கோட்டில், ஸ்கேல் வைத்து நட்ட செடிகள். வெயில் நாளில் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றியிருக்கிறார். இன்னும் பத்தே நாள். ஒரு இலையைக்கூட இன்னும் கிள்ளிப் பார்த்ததில்லை, முழுசாகத் தயாராகட்டும் என்று பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன் மாதிரிப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். மூன்றாவது செடியில் அழுகை வந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை என்பதால் நன்றாகவே அழுதார். ஐந்தையும் வாய்க்கால் தண்ணீரில் விட்டார். அவை மெதுவாகச் சுற்றிச் சுற்றிப் போய் மறைந்தன. இந்த ஜென்மத்தில் இனிமேல் சிரிப்பு கிடையாது என்று முடிவாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குப் பதினோரு பேரும் வந்துவிட்டார்கள். அதிகாரி, தலைமை ஆசிரியை, பல் டாக்டர், ஒரு வங்கி மேலாளர், தையல் கடை நடத்தும் அண்ணன் தம்பி இருவர், இன்னும் இப்படி ஊரில் மரியாதையான ஆட்கள். எல்லோர் கழுத்திலும் பைனாகுலர் தொங்கியது. ஆனால் ஒருவராவது அதை எடுத்துக் கண்ணில் வைக்கவில்லை. எழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். விடிகாலையில் எழுந்து வந்த கஷ்டம் என்று அளவுகோல் நினைத்தார்.

"எங்க பறவை?" என்றார் பல் டாக்டர்.

"அந்தப் புதருக்குள்ளதான் சார் எப்பவும்..."

பதினோரு பேரும் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். அங்கே பறவை இல்லை. ஒரே இடைவெளியில், ஒரே நேர்கோட்டில் ஐந்து குழிகள் இருந்தன. மண் ஈரம்கூடக் காயவில்லை. எல்லாவற்றையும் அளந்து செய்தவர் குழியை மூட மறந்திருந்தார்.

அதிகாரி குழியைப் பார்த்தார். பிறகு அளவுகோலின் சட்டைப் பையிலிருந்த ஸ்கேலைப் பார்த்தார். தையல்கார அண்ணன் தம்பியைப் பார்த்தான்.

தலைமை ஆசிரியை மட்டும் சிரமப்பட்டுக் குனிந்தார். மூன்றாவது குழியின் ஓரத்தில் ஒரே ஒரு இலை ஒட்டிக்கொண்டிருந்தது. அழுகையில் அளவுகோல் அதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார். டீச்சர் அதை எடுத்து விரலில் கசக்கினார். முகர்ந்தார். கண்ணை மூடி, இன்னொரு தடவை முகர்ந்தார்.

வேலை, பென்ஷன், மனைவி என்று ஒவ்வொன்றாக அளவுகோலின் கண்முன்னால் வந்து போயின. கடைசியில் இரண்டு கையையும் சேர்த்து நீட்டிவிட்டார், விலங்கு மாட்டட்டும் என்று.

தலைமை ஆசிரியை கண்ணைத் திறந்தார். அந்தக் கண்ணில் தண்ணீர் நின்றது.

"பாவி மனுஷா, நீயும் நம்ம ஆள்தானா? நீ நிஜமாவே பறவை பார்க்கிறவன்னு பயந்து, நாங்க பதினோரு பேரும் நேத்தே எங்க செடியையெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டோமேடா."