முயல் அங்கிளும் அவருடைய ஒற்றைத் துவக்கும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருடமாக யோசித்தேன். இரண்டு தரம் கொப்பியில் தொடங்கிக் கிழித்துப் போட்டேன். காரணம், இந்தக் கதையில் நானும் ஒரு பிழை செய்திருக்கிறேன், அதுவும் கோயிலுக்குள். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். வசனம் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்தது நடந்தபடியே இருக்கிறது.

மெல்பேர்ன் முழுவதிலும் சொந்தமாகத் துவக்கு, அதுதான் துப்பாக்கி, வைத்திருந்த தமிழர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். மெல்பேர்ன் முழுவதிலும் துவக்குக்கு அவ்வளவு பயந்த மனிதரும் அவரேதான். எங்கள் எல்லாருக்கும் அவர் முயல் அங்கிள். சொந்தப் பெயர் சொன்னால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

மெல்பேர்ன் ஓரத்தில், வெரிபீக்கு வெளியே ஐந்து ஏக்கர் காணியைக் குத்தகைக்கு எடுத்து, முட்டைக்கோவாவும் கத்தரியும் போட்டிருந்தார். எங்கள் மன்னார் ஆள். மனைவி மோட்சம் போய்க் கனகாலம். பிள்ளைகள் கனடாவில். முயல்கள் மட்டும்தான் அவரை விட்டுப் போகவில்லை. விடிந்தால் அரைப் பாத்தி கோவா இருக்காது. பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னாரென்று வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, லைசென்ஸ் எடுத்து ஒரு துவக்கு வாங்கினார். கீழே ஒரு லீவர் இருக்கும். அதை இழுத்தால் அடுத்த குண்டு ஏறும்.

சட்டப்படி துவக்கு ஒரு இரும்புப் பெட்டியில், குண்டு இன்னொரு பெட்டியில். அங்கிள் சட்டத்துக்கு மேலே தானும் ஒரு சட்டம் வைத்திருந்தார். முதல் பெட்டிச் சாவி கழுத்தில், அந்தோனியார் சுரூபத்தோடு தொங்கும். இரண்டாவது சாவியை ஒளித்த இடம் அவருக்கே மறந்துவிடும். அதைத் தேடி எடுத்து, இரண்டு பெட்டியும் திறந்து, முழங்காலில் நின்று ஒரு அருள்நிறை மரியே சொல்லி, தோட்டத்துக்கு வரும்போது முயல் சாப்பிட்டுக் கை கழுவியிருக்கும். பிந்தி நிற்கிற ஒன்றிரண்டைப் பார்த்து அங்கிள் கத்துவார்:

"ஏய்! போங்கோ! சுடப்போறன்! மூண்டு எண்ணுவன்!"

ஒருநாள் என் கணவர் பொறுக்கமுடியாமல் கேட்டார். "அங்கிள், சொல்லிப்போட்டுச் சுட்டா முயல் நிக்குமே?"

"சொல்லாமல் சுடுறது சரியில்லைத் தம்பி. எங்களை ஆரும் சொல்லிப்போட்டே சுட்டவங்கள்?"

என் கணவர் குனிந்து, முயல் கடித்துப்போட்ட கோவா இலைகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

பெட்டி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பொலிஸ் எப்போதாவது நாள் சொல்லி வந்து பார்க்கும். மற்றவர்களுக்கு அது தொல்லை. அங்கிளோ ஆயர் வருகிற மாதிரி ஆயத்தம் செய்வார். கதிரைகளுக்குப் புதுத் துணி, கட்லெட், தேத்தண்ணி. வந்தவர்கள் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டுப் போனதும் எங்களுக்குத் தொலைபேசி அடிக்கும். "பிள்ளை, பொலிஸ்காரன் எனக்குக் கை குடுத்தவன்!" ஒரு மாதத்துக்கு அந்தச் சந்தோஷம் போதும் அவருக்கு.

அப்படியிருக்கத்தான் மாநில அரசு சில வகைத் துவக்குகளைக் கட்டுப்படுத்தப் போகிறதென்று செய்தி வந்தது. லீவர் வைத்ததும் அதில் வரலாம் என்றார்கள். அன்று பின்னேரம் அங்கிள் எங்கள் குசினிக் கதிரையில் வந்து இருந்தார். ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது.

"குடுக்கச் சொல்லுவாங்கள் பிள்ளை."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வெடிச்சத்தம் கேட்டு வளர்ந்தவள் நான். "குடுத்துப்போட்டு நிம்மதியா இருங்கோவன் அங்கிள். தோட்டத்தைச் சுத்தி வலை அடிப்பம்."

"குடுக்கலாம். குடுத்த பிறகு?"

"பிறகென்ன?"

"மிச்சம் எங்கை எண்டு கேப்பாங்கள்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வழியே திரும்பியும் போனது. ஊரில் இராணுவம் சுற்றிவளைத்த ஒரு நேரம் இவருடைய தமையன், கிணற்றடிப் பற்றையில் கிடந்த ஒரு பழைய துவக்கை நல்ல மனதோடு அவர்களுடைய முகாமில் கொண்டுபோய்க் கொடுத்தவர். மிச்சம் எங்கே என்று கேட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை.

இனி என் பிழை. எங்கள் மாதாந்தத் தமிழ்ப் பூசையில் மன்றாட்டு வாசிப்பது நான். வேண்டுதல் உள்ளவர்கள் துண்டில் எழுதித் தருவார்கள். அந்த ஞாயிறு அங்கிளும் ஒன்று தந்தார். பார்க்காமல் அடியில் வைத்துவிட்டேன். நோயாளிகளுக்காக, சோதனை எழுதும் பிள்ளைகளுக்காக, வீசாவுக்குக் காத்திருப்பவர்களுக்காக என்று வாசித்து வந்த வேகத்தில் அதையும் வாசித்தேன்:

"லீவர் வைத்த துவக்குகளையும், அவற்றைப் பூட்டி வைத்திருக்கிற நீதிமான்களையும், பாராளுமன்றத்தின் கண்ணிலிருந்து மறைத்துக் காத்தருள வேண்டுமென்று உம்மை மன்றாடுகிறோம்."

பழக்கத்தில் இருநூறு பேரும் ஒரே குரலில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று முடித்துவிட்டார்கள். என்ன கேட்டோம் என்று பிறகுதான் விளங்கியது. கோயில் முழுக்க ஒரே இருமல். அங்கிள் மட்டும் கண்ணை மூடிக் கைகூப்பியபடி நின்றார்.

பூசை முடிய சுவாமி என்னைக் கூப்பிட்டார். "என்ன தங்கச்சி, அடுத்த மாசம் பீரங்கிக்கும் மன்றாடுவமோ?"

அடுத்த கிழமையே பாவசங்கீர்த்தனம் செய்தேன். மன்னிப்புக் கிடைத்தது. ஊர்க்கதையிலிருந்து விடுதலைதான் கிடைக்கவில்லை.

துவக்கு வைத்திருப்பவர்களின் கருத்தைக் கேட்க ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். தனியே போகமாட்டேன் என்று அங்கிள் அடம்பிடித்தார். செபமாலையை எடுத்துக்கொண்டு நானும் போனேன். பெரிய தொப்பி போட்ட, ஆட்டுப்பட்டியும் வயலும் வைத்திருக்கிற கமக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். நரி ஆட்டுக்குட்டியைத் தின்கிறது என்றார் ஒருவர். ஒழுங்காகப் பூட்டி வைக்கிற எங்களைப் பிடிக்கிறீர்கள், கள்ளத் துவக்குக்காரனை விட்டுவிடுகிறீர்கள் என்றார் இன்னொருவர். தகப்பன் விட்டுப்போன துவக்கு என்று சொல்லத் தொடங்கிய ஒரு முதியவர் பாதியில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். துவக்கு வைத்திருக்கிறவன் எல்லாம் முரடன் என்று நினைத்துப் போனவள் நான். பார்த்தால், எங்கள் கோயிலில் கடைசி வரிசை வாங்கில் இருக்கிற ஆண்களைப் போலத்தான் இருந்தார்கள்.

அங்கிள் எழும்பினார். தன்னுடைய ஆங்கிலத்தில், குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண் அதிகாரியிடம் கேட்டார்: "மேடம், நான் கொடுக்க வந்தால், என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போவீர்களா? மிச்சம் எங்கே என்று கேட்பீர்களா?"

அதிகாரி பேனையைக் கீழே வைத்தா. "இல்லை ஐயா. ஒரு ரசீது தருவோம்."

பக்கத்தில் இருந்த தொப்பிக்காரர் தன் தண்ணீர்ப் போத்தலை அங்கிளிடம் நீட்டினார்.

கடைசியில் லீவர் வகையும் பட்டியலில் வந்தது. முன்கூட்டியே நேரம் குறித்து, பொலிஸ் நிலையத்துக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். கல்யாணத்துக்குப் போடுகிற கோட் சூட்டோடு வந்தார். ஒரு கையில் பூட்டிய உறைக்குள் துவக்கு. மறு கையில் ஒரு பயணப்பை.

"இதென்ன அங்கிள்?"

"சாறம், துவாய், பிரஷர்க் குளிசை. உள்ளை வைச்சாங்களெண்டால் தேவைப்படும்."

ஒரு இளம் பொலிஸ் பெண் இலக்கத்தைச் சரிபார்த்து, கையெழுத்து வாங்கி, ரசீதைக் கொடுத்தா. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அங்கிள் போய்ச் சுவரோரக் கதிரையில், பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"வாங்கோ அங்கிள், போவம்."

"பொறு பிள்ளை. இனித்தானே கூப்பிடுவாங்கள்."

நானும் பக்கத்தில் இருந்தேன். செபமாலை ஒரு சுற்று முடிந்தது. அந்தப் பெண் வெளியே வந்து, யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டா.

"விசாரணைக்கு" என்றார் அங்கிள்.

"விசாரணையா? எல்லாம் முடிந்துவிட்டதே, நீங்கள் வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லி, வாசல் கதவைத் தானே திறந்து பிடித்தா.

அங்கிள் மெல்ல எழும்பி வெளியே வந்தார். கார் தரிப்பிடத்து வெயிலில் நின்று ரசீதை விரித்துப் பார்த்தார்.

"அவ்வளவுதானாம் பிள்ளை."

"அவ்வளவுதான் அங்கிள்."

"என்ரை அண்ணைக்கும் ஆராவது இப்பிடி ஒரு கதவைத் திறந்து பிடிச்சிருக்கலாம்."

இந்தக் கதை இப்போது பொயிண்ட் குக்கிலும் கிரெய்கிபர்னிலும் தமிழர் வீடுகளில் கை கால் முளைத்துத் திரிகிறது. அங்கிளைப் பொலிஸ் பிடித்ததாம், அவர் மதில் ஏறிப் பாய்ந்தாராம், தேம்பித் தேம்பி அழுதாராம். யாருக்காவது சொல்கிறவர்கள் தயவுசெய்து இங்கே எழுதியபடியே, கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அவரை யாரும் பிடிக்கவில்லை. அவர் மதில் பாயவில்லை. அழவும் இல்லை, பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நிமிர்ந்து நடந்தார். அழுதது நான்.