மச்சான் கேட்டபடி புளியந்தோட்டத்தின் வரலாறு, புவியியல், சனத்தொகை

புளியந்தோட்டம், கீழ்ப்பிரிவு,
மஸ்கெலியா.
1964 கார்த்திகை

முசிறிச் சீமையில் வேட்டி கசங்காமல் வாழ்ந்துவரும் மதிப்பிற்குரிய மச்சான் செல்லசாமி அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை ராக்காயியின் வீட்டுக்காரன் கணக்கப்பிள்ளை நல்லமுத்து கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே மழையும் நாங்களும் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே வெயிலும் தாங்களும் அப்படியே இருக்க மாரியம்மன் துணை செய்வாளாக.

தங்கள் கடிதம் கிடைத்தது. பல வருசமாகத் தீபாவளிக்குக்கூட ஒரு வரி எழுதாத மச்சான், 'உங்கள் ஊர் எப்போது உண்டானது, நிலம் எப்படி, சனம் எவ்வளவு, வீட்டில் எத்தனை பேர், இந்தியா, இலங்கை இரண்டு சர்க்காரும் கையெழுத்துப் போட்டதாகப் பேப்பரில் வந்திருக்கிறதே, நீங்கள் அங்கேயே நிலைத்திருப்பீர்களா, விவரமாக எழுதவும்' என்று கேட்டிருப்பதைப் படித்ததுமே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. என் மகன் சின்னராசாவுக்கு முப்பது நடக்கிறது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். தங்கள் மகள் சண்முகவடிவு அவனுக்கு முறைப்பெண். வந்த வரன்களையெல்லாம், மாமன் மகள் இருக்கும்போது இதென்ன பேச்சு என்று நான்தான் தட்டிக்கழித்துக்கொண்டு வந்தேன். பெண் கொடுக்கிறவன் கேட்காமல் வேறு யார் ஊர் விசாரிப்பது? போகிற வீட்டில் மகள் எத்தனை பேருக்கு உலை வைக்க வேண்டும் என்று பெற்றவன் கேட்பது நியாயந்தானே. அந்தக் காலத்தில் தங்கையை ஒரு கேள்வியும் கேட்காமல் கப்பலேற்றி விட்டவர்கள், மகளுக்கு மட்டும் இவ்வளவு கேட்கிறீர்களே என்று நான் வருத்தப்படவில்லை. ஆகையால் ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

முதலில் வரலாறு. ஆதியில் இங்கே காடு இருந்தது, காட்டில் யானை இருந்தது. பிறகு ஒரு வெள்ளைக்கார துரை வந்தார், யானை போய்விட்டது. துரை கோப்பி நட்டார், கோப்பியில் நோய் விழுந்தது, அதைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டார். கொழுந்து கிள்ள ஆள் வேண்டுமே என்று கங்காணியை நம் பக்கம் அனுப்பினார். அந்தக் கங்காணி, தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று சத்தியம் பண்ண, அரை வயிற்றுக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த எங்கப்பாரு, இருந்த கால் காணியைத் தங்கள் தகப்பனார் பொறுப்பில் விட்டுவிட்டு, "இந்தா, ஆறு மாசத்துல வந்துர்றேன்" என்று கிளம்பினார். நானும் பிறந்ததிலிருந்து இந்தத் தூரைத் தோண்டிப் பார்த்துவிட்டேன் மச்சான், ரத்தம் உறிஞ்சுகிற அட்டைதான் கிடைக்கிறது. எங்கப்பாரு இன்னமும் ஊர் திரும்பவில்லை. ஏழாம் நம்பர் மலையில் புதைத்தோம். இப்போதுள்ளவருக்கு முந்தின துரை அந்த இடத்திலும் புதுத் தேயிலை நட்டுவிட்டார். நன்றாகக் கொழுந்து விடுகிறது.

ஊர்ப் பெயரும் வரலாற்றில் சேரும். துரை தன் சொந்த ஊர் ஞாபகமாக வைத்த பெயர் ஒன்று பலகையில் இங்கிலீசில் இருக்கிறது. அதைச் சொல்ல எங்களில் யாருக்கும் நாக்குப் புரளாது. சிங்களத்தில் இதற்குக் கலுகல்தெனிய என்று பெயர். நாங்கள் சொல்வது புளியந்தோட்டம். இங்கே புளியமரம் ஒன்றுகூடக் கிடையாது, இந்தக் குளிருக்கு முளைக்கவே முளைக்காது. பெரிய கங்காணியின் ஊரில் புளியந்தோப்பு இருந்ததாம், அவருக்கும் ஊர் ஞாபகம் வருமில்லையா? துரைக்கு மட்டுந்தான் வர வேண்டுமா? இப்படி மூன்று பெயர் இருப்பதால் தபால்காரன் மூன்று இடத்தில் தேடிவிட்டு, கடைசியில் ரோட்டுச் சந்தியிலுள்ள இஸ்ஸதீன் நாநா கடையில் கொடுத்துவிட்டுப் போவான். தங்கள் கடிதமும் அங்கே கருவாட்டு மூட்டை மேல் நாலு நாள் இருந்துதான் வந்தது. இந்தப் பதிலும் அதே மூட்டை மேலிருந்துதான் புறப்படும், வாசனைக்கு மன்னிக்கவும்.

அடுத்தது புவியியல். எங்கள் ஊரில் சமதரை கிடையாது. ஹட்டனிலிருந்து மஸ்கெலியா பஸ்ஸில் வந்து, நாநா கடையில் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏற வேண்டும். உச்சியில் துரை பங்களா, அதற்குக் கீழே பெரிய கிளாக்கர் வீடு, அதற்குக் கீழே கணக்கப்பிள்ளையாகிய என் வீடு, எல்லாவற்றுக்கும் கீழே லயம். குடிதண்ணீரும் இந்த வரிசைப்படியேதான் இறங்கி வருகிறது. பெண் லயத்துக்குப் போகவில்லை, தண்ணீரில் மூன்றாவது இடத்துக்கு வருகிறாள் என்பதைத் தாங்கள் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம். லயம் என்றால் முதுகோடு முதுகு ஒட்டின நீட்டுக் கட்டடம். இந்தப் பக்கம் வரிசையாகக் காம்பரா, அதாவது குடும்பத்துக்கு ஓர் அறை, அந்தப் பக்கம் வரிசையாகக் காம்பரா, நடுச்சுவர் கூரை வரைக்கும் எட்டாது. ஒரு காம்பராவில் புருசன் பெண்டாட்டி சண்டை போட்டால் அந்தப் பக்கத்துக் காம்பராவிலிருந்து தீர்ப்பு வரும். வருசத்தில் எட்டு மாதம் மழை, மிச்ச நாலு மாதம் பனி. துணி காய்வதற்கென்று பருவம் எதுவும் கிடையாது.

இனி சனத்தொகை. இதில்தான் மச்சான், நான் தலையைப் பிய்த்துக்கொள்கிறேன். காலையில் கொம்பு ஊதிப் பெரட்டுக்களத்தில் ஆள் கூட்டும்போது நான் எண்ணுவது ஒரு கணக்கு. திருவிழா வரி வாங்கப் போகும்போது அதில் பாதிப்பேர்தான் இருப்பார்கள், காவடிக்குப் பிறகு சோறு போடும்போது இரண்டு மடங்காகிவிடுவார்கள். சரி, சர்க்கார் எண்ணிக்கையே இருக்கட்டும் என்றால், போன வருசம் குடிசனக் கணக்கெடுப்பு வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று என் மகனையே எண்ணச் சொல்லி, மேற்பார்வைக்கு ஹட்டனிலிருந்து ஒரு சிங்கள ஐயாவையும் அனுப்பினார்கள். நல்ல மனுசன், தேத்தண்ணீர் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்.

முதல் நாள் நாநா கடையில் யாரோ, இது அரிசிக் கூப்பனுக்கான எண்ணிக்கை என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், ஊர் பெருத்துவிட்டது. அம்மாக்கண்ணு என்று ஒரு கொழுந்துக்காரி, பெற்றது மூன்று. அன்றைக்கு வாசலில் ஒன்பது நின்றது. லயத்தின் முன்பக்கம் எண்ணி முடித்த பிள்ளைகள் கோடியைச் சுற்றி ஓடி, பின்பக்கக் காம்பராவில் வேறு பெயரோடு நின்றார்கள். என் மகன் அவர்களுக்குத் தினமும் பாடம் சொல்கிறவன், ஒவ்வொரு மூக்குச் சளியும் அவனுக்குத் தெரியும். "ஏண்டா, அங்க முனியாண்டின்னு சொன்ன, இங்க சுப்பையாவா?" என்று கேட்டதற்கு அந்தப் பொடியன், "அது எங்க அண்ணன் சார், என்னய மாதிரியே இருப்பான்" என்று சொல்லியிருக்கிறான். அம்மாக்கண்ணோ, "எழுதுங்க வாத்தியாரய்யா, ஒங்க கைக்காசா போகுது?" என்று அதட்டினாள். சிங்கள ஐயா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, இந்தத் தோட்டத்தில் இரட்டைப் பிள்ளைகள் அதிகமோ என்று விசாரித்தார்.

மறுநாள் மேற்குப் பக்கத்து லயங்கள் பாக்கி. அதற்குள் அதே நாநா கடையில், அரிசிக்கு இல்லை, ஆளைப் பிடித்து இந்தியாவுக்குக் கப்பலேற்றத்தான் எண்ணுகிறார்கள் என்று கதை மாறிவிட்டது. இவர்கள் இருவரும் போய்ப் பார்த்தால் லயத்தில் ஈ காக்காய் இல்லை. அடுப்பில் சோறு மட்டும் கொதிக்கிறது. சனமெல்லாம் கொட்டுகிற மழையில் தேயிலைக்குள் குந்தியிருக்கிறது, அட்டைக்குத்தான் அன்றைக்குக் கலியாண விருந்து. ஓட முடியாமல் அகப்பட்டவர்களும் சாமர்த்தியசாலிகள். வீரய்யாக் கிழவன், இந்த லயத்தில் பிறந்து இதே காம்பராவில் பேரன் பேத்தி எடுத்தவன், "நான் இந்த ஊரு இல்லீங்க, கொத்மலையிலேருந்து விருந்தாளியா வந்திருக்கேன்" என்றான். அடுத்த காம்பராவிலும் விருந்தாளி, அதற்கடுத்ததிலும் விருந்தாளி. ஊர்க்காரர் ஒருத்தர்கூட இல்லாமல் விருந்தாளிகளாலேயே ஆன ஊரை அந்த ஐயா அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்திருப்பார். என் மகன், "அப்பா, நான் எண்ண வந்தவன்னு சொன்னா, என் சொந்தச் சனமே என்னயக் கண்டு ஓடுது" என்று சொல்லிவிட்டு அன்று ராத்திரி சாப்பிடவில்லை. கடைசியில் ஐயாவே முதல் நாள் பெருத்ததையும் மறுநாள் இளைத்ததையும் சேர்த்து நடுவாக ஒன்றைப் போட்டுக்கொண்டு, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். ஆகவே சனத்தொகை என்ற இடத்தில், 'திருப்திகரமாக இருக்கிறது' என்று தாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பேப்பர் விஷயத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். எங்களில் இத்தனை லட்சம் பேரை அங்கே அனுப்புவது, இத்தனை லட்சம் பேரை இங்கே வைத்துக்கொள்வது, மிச்சமுள்ளவர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் பேசி முடித்திருக்கிறார்களாம். மாடு பங்கு பிரித்தால்கூட மாட்டைக் காட்டித்தான் பிரிப்பார்கள், எங்களை யாரும் வந்து பார்க்கவில்லை. நாங்கள் எந்த லட்சத்தில் இருக்கிறோம் என்று பெரிய கிளாக்கருக்கே தெரியவில்லை. ஆனால் அதற்கும் கலியாணத்துக்கும் சம்பந்தமில்லை. மாப்பிள்ளைக்குச் சம்பளம் உண்டு, வாத்தியார் என்ற மரியாதை உண்டு. பெண்ணுக்கு விசா எடுப்பது கொஞ்சம் இழுபறி என்கிறார்கள், அதையும் நான் ஆளைப் பிடித்துப் பார்த்துக்கொள்கிறேன். தை பிறந்ததும் நல்ல நாள் பார்த்து எழுதினால், தாலிக்குச் சொல்லிவிடலாம்.

தங்கள் வீட்டு நெல் குதிர் நிறையவும், மாடு கன்று பெருகவும், மருமகள் சண்முகவடிவு எங்கள் வாசலில் வலதுகால் எடுத்து வைக்கவும் புளியந்தோட்டம் மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். பெரியவர்களுக்கு வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி, நடுவில் உள்ளவர்களுக்கு விசாரிப்பு.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி ஆகப்போகும்
நல்லமுத்து

பி.கு.: ஒட்டுவதற்கு முன் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று, தங்கள் கடிதத்தையும் இதையும் மகனை விட்டு உரக்கப் படிக்கச் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த தங்கள் தங்கை கையை நிறுத்திவிட்டு, "ஏங்க, எங்கண்ணன் எழுதுனதுல எந்த எடத்துலயாச்சும் பொண்ணுங்குற பேச்சு வருதா?" என்று கேட்டாள். மறுபடி படித்தான். வரவில்லை. "எங்கண்ணன எனக்குத் தெரியாதா? பேப்பரப் பாத்ததும் பயம் வந்துருச்சு. நாம அங்க வந்து எறங்கிருவோமோ, ஒங்கப்பாரு விட்டுட்டு வந்த கால் காணியக் கேட்டுருவோமோன்னு ஆளு கணக்குப் பாக்குறாரு. அதுக்கு நீங்க யான காலத்துலேருந்து எழுதிக்கிட்டு இருக்கீங்க" என்றாள். மகன் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாகிவிட்டது மச்சான். ஆகையால் மேலே எழுதிய வரலாறு, புவியியல், சனத்தொகை, சம்பந்தி என்று போட்ட கையெழுத்து, எல்லாவற்றையும் அடித்துவிடவும். தாங்கள் கேட்டதற்கு மட்டும் பதில்: வீட்டில் நாங்கள் இருவர், சின்னராசா, அவனுக்குக் கீழே மூன்று, ஆக ஆறு பேர். நிலைத்திருப்போமா என்று எங்களுக்கே தெரியாது. தங்கள் தங்கை ஒன்று எழுதச் சொல்கிறாள். காணிக்காக வர மாட்டோமாம். ஆனால் சர்க்கார் கப்பலேற்றிவிட்டால் ஆறு பேரும் நேரே உங்கள் வாசலில்தான் வந்து நிற்போமாம். அந்தத் தேசத்தில் அவளுக்குத் தெரிந்த வாசல் அது ஒன்றுதானாம்.