பதினோரு ‘ஆசம்’

“பதினோரு தடவை ‘ஆசம்’ சொல்லியிருக்கேனாம்” என்று அவள் லேப்டாப்பைக் கணவன் பக்கம் திருப்பினாள். “நேத்து ஒரே நாள்ல. அதுவும் பிரிட்டன்காரங்ககிட்ட!”

கணவன் ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கிவிட்டுப் படித்தான். அலுவலக மெயில் சுருக்கமாக இருந்தது. பிரமாதம் என்பதற்கு ‘ஆசம்’ என்னும் அமெரிக்கப் பேச்சு ஒட்டிக்கொண்டிருக்கிறது, சரிசெய்யவும். வியாழக்கிழமை வரும் அழைப்புகளில் ஒன்று பரீட்சை. வாடிக்கையாளர் போலப் பேசப்போவது நம் அலுவலக ஆள். தேறினால் பயிற்சியாளர் பதவி.

“ஃபாசெட்னு வேற சொல்லியிருக்கே.”

“குழாயை அவங்க டேப்னுதான் சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? எல்லாம் உங்க வாயிலேர்ந்து வந்து ஒட்டிக்கிட்டது.”

குற்றச்சாட்டில் நியாயம் இருந்தது. ஆறு மாதமாக இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை, ஒரே சாப்பாட்டு மேசை. இந்தப் பக்கம் அவள், பிரிட்டன் வாஷிங் மெஷின். அந்தப் பக்கம் அவன், அமெரிக்க ஃபிரிட்ஜ். கெட்டுப்போன சாமானின் சொந்தக்காரர்கள் கூப்பிட்டுத் திட்டுவார்கள். இவர்கள் அந்தந்த ஊர்க்காரர் மாதிரியே பேசி அவர்களைச் சமாதானப்படுத்த வேண்டும். ஏழு வருஷமாக யார் யாருடைய துணிக்கோ மன்னிப்புக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. பயிற்சியாளர் ஆகிவிட்டால், மன்னிப்புக் கேட்பது எப்படி என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

“வியாழக்கிழமை வரைக்கும் நீங்க சமையலறையில உட்காருங்க.”

“ஆமா, ஃபிரிட்ஜும் அங்கதான் இருக்கு. அதைப் பார்த்துக்கிட்டே பேசலாம்.”

அவன் போனான். கதவைச் சாத்த முடிந்தது, குரலைச் சாத்த முடியவில்லை. அவன் ஒரு நாள் பேசினால் எதிர்வீட்டுக்காரருக்கே ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்க வந்துவிடும். போதாக்குறைக்கு அன்று சாயங்காலம் அவனுக்கும் ஒரு மெயில் வந்தது. அமெரிக்கர்களிடம் ‘லவ்லி’, ‘பிரில்லியன்ட்’ என்று பேசுகிறீர்கள்; அழைப்புகள் அரை மணி நேரம் நீளுகின்றன.

“பார்த்தியா? நீ எதுக்கெடுத்தாலும் லவ்லிம்பே. எனக்கும் அது வந்துடுச்சு. ஒரு அம்மா ஃபிரிட்ஜையே மறந்துட்டு, பொண்ணு கல்யாணக் கதையைச் சொல்லி முடிச்சுட்டுத்தான் போனை வெச்சாங்க.”

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மாமியார் கையில் கரண்டியோடு வந்தார்.

“நான் உன் பக்கத்துல உட்கார்ந்துக்கறேன். நீ அமெரிக்கா பேசினா மேசையில ஒரு தட்டு தட்டறேன்.”

“எது அமெரிக்கான்னு உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?”

“என் பையன் வாயில வர்றதெல்லாம் அமெரிக்கா. இதுல என்ன கஷ்டம்?”

அந்தக் கணக்குப்படி மறுநாள் ‘ஹலோ’வுக்கு ஒரு தட்டு விழுந்தது. ‘சாரி’க்கு ஒரு தட்டு. ‘தேங்க் யூ’வுக்குச் சற்று பலமாகவே விழுந்தது. பிற்பகலுக்குள், உங்கள் வீட்டில் தச்சு வேலை நடக்கிறதா என்று இரண்டு வாடிக்கையாளர்கள் அக்கறையோடு விசாரித்துவிட்டார்கள்.

“இனிமே வீட்டுக்குள்ள இங்கிலீஷே வேண்டாம். நமக்குள்ள சுத்தத் தமிழ்தான்” என்று கணவன் தீர்ப்புச் சொன்னான்.

சொல்வது சுலபம். சார்ஜருக்குத் தமிழில் என்ன என்று தெரியாமல் அவன் கையால் சைகை காட்டினான். அவள் ஃபேனைப் போடச் சொல்ல வாயெடுத்து, மின்விசிறி ஞாபகத்துக்கு வருவதற்குள் வியர்த்தே போனாள். புதன்கிழமை சாப்பாட்டில் யாரும் வாயே திறக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் அவனுடைய நாற்காலி பகலெல்லாம் காலியாகக் கிடந்தது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. நாள் முழுக்க ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தது எவ்வளவு பிடித்திருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அதைச் சொல்ல இது நேரமில்லை; பரீட்சை முடியட்டும் என்று தட்டைக் கழுவி வைத்தாள்.

வியாழக்கிழமை ஒன்பதாவது அழைப்பு. கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைப்பான ஒரு பெண் குரல். மெஷினுக்கு அடியில் தண்ணீர் ஒழுகுகிறதாம். இதுதான் பரீட்சை என்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

நன்றாகத்தான் ஆரம்பித்தாள். ஒரு ‘லவ்லி’, இரண்டு ‘பிரில்லியன்ட்’, எட்டு ‘சாரி’. குழாயை மறக்காமல் டேப் என்றாள். எதிர்முனை அம்மாள் அந்த டேப்பை மூடிவிட்டேன் என்று சொன்னதும், இரண்டு நாள் தமிழ் ஊறிய வாய் முந்திக்கொண்டது.

“சபாஷ்!”

பக்கத்தில் காவலிருந்த மாமியாரின் கரண்டி மேசையைத் தட்டியது. அதே நொடியில் சமையலறையிலிருந்து கணவன் யாரோ அமெரிக்கரிடம் “ஆசம்!” என்று முழங்கினான். பதற்றத்தில் அவளும் “ஆசம்” என்றாள். மறுபடியும் கரண்டி.

அவள் மைக்கை அணைக்கும் பட்டனை அழுத்திவிட்டுக் கத்தினாள்.

“என்னங்க, வாயைக் கொஞ்சம் மூடுங்க! அத்தை, அந்தக் கரண்டியைக் கீழ போடுங்க! இந்தம்மாதான் டெஸ்ட் பண்ண வந்தவங்க. எல்லாரும் சேர்ந்து என் வேலைக்கு உலை வெச்சுட்டீங்க!”

கத்திவிட்டுத் திரையைப் பார்த்தாள். மைக் அணையவே இல்லை. பதற்றத்தில் பக்கத்துப் பட்டனை அழுத்தியிருக்கிறாள்.

கணவன் சமையலறை வாசலுக்கு ஓடி வந்து நின்றான். மாமியார் கரண்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். ஏழு வருஷ உழைப்பு அவ்வளவுதான் என்று அவள் விசும்பிவிட்டாள். ஹெட்செட்டைக் கழற்றக் கையைத் தூக்கினாள்.

அப்போது அந்தக் குரல், கஞ்சியெல்லாம் கரைந்துபோய், சுத்தமான தமிழில் சொன்னது:

“அழாதீங்கம்மா, எங்க வீட்டுக்காரரும் அமெரிக்கா லைன்தான், டெஸ்ட் முடியற வரைக்கும் அவரை மொட்டை மாடியில நிக்க வெச்சிருக்கேன், மழை வர்றதுக்குள்ள உங்களுக்குப் பாஸ் போட்டுட்டு அவரைக் கீழ கூப்பிடணும்.”