புகை போடாத அங்கி

பிள்ளைகளே, உங்கள் அப்பா பிடிவாதக்காரர் என்று உங்கள் அம்மா சொல்வதை நீங்கள் தினமும் கேட்கிறீர்கள். நான் அதை விசுவாசம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். இரண்டும் பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் புரிய வேண்டுமென்றால் ஒரு தடவையாவது நாலு பேர் முன்னால் நன்றாக மாட்டிக்கொள்ள வேண்டும். நான் ஒரு சபையே நிறைந்திருந்தபோது மாட்டிக்கொண்டேன். அதுவும் கிறிஸ்துமஸ் அன்று.

மலாயாவில் ஜப்பான்காரன் ஆண்ட காலம் அது. குருணுக்கும் திகாம் பத்துவுக்கும் நடுவில் எங்கள் தோட்டம். எனக்கு வயது இருபத்திரண்டு. படிப்பு, தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. (அதிலும் கணக்கில் தேறியது வாத்தியாரின் இரக்கத்தால்.) வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டார். ரப்பரை வாங்க ஆளில்லை. அரிசி இல்லை, துணி இல்லை. சாப்பிட ஊபி என்கிற மரவள்ளிக் கிழங்கு, உடுத்தக் கோணிச் சாக்கு.

எங்களுக்கென்று ஓர் அத்தாப்பு ஓலைக் கூரை ஜெபவீடு இருந்தது. அதை நடத்திய உபதேசியாரைச் சயாமுக்கு ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். லாரியில் நின்றபடியே அவர் இடுப்பிலிருந்த சாவியை எடுத்து என் பக்கம் எறிந்தார்.

"தாவீது, நான் வர்ற வரைக்கும் இத மூடிடாதப்பா!"

"மூட மாட்டேன் அய்யா!" என்று கத்தினேன்.

வாக்குக் கொடுப்பது சுலபம். கூட்டம் சேர்ந்தால் மறுபடியும் லாரி வரும் என்று சனங்களுக்குப் பயம். ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிறு ஆள் குறைந்தது. கடைசியில் நான், உபதேசியார் அம்மா என்று நாங்கள் கூப்பிடும் அவர் மனைவி, அவர்கள் மகள் எஸ்தர் என்று மூன்றே பேர். (எஸ்தர் என்றால் உங்கள் அம்மாதான். அப்போது அவள் என்னை 'அண்ணே' என்று கூப்பிட்டாள். அதைப் பற்றி யாரும் கேள்வி கேட்கக் கூடாது.)

கிறிஸ்துமஸுக்கும் இதே மூன்று பேர் என்றால் ஜெபவீடு அத்தோடு முடிந்தது. அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. எனவே ஒரு முடிவுக்கு வந்தேன். ஆராதனையைப் பழைய முறைப்படி, ஒரு குறையும் இல்லாமல் நடத்தினால் சனம் வரும். பழைய முறை என்றால் எனக்கு ஒன்றுதான் ஞாபகம் வரும்: உபதேசியாரின் வெள்ளை அங்கி. கழுத்துப் பட்டையில் சிவப்பு நூலால் சிலுவை போட்ட நீள அங்கி.

கேட்கப் போனேன். உபதேசியார் அம்மா அடுப்பில் கந்தைத் துணி வேகவைத்துக்கொண்டிருந்தார்.

"அங்கியா? அது இப்ப தோட்டம் முழுக்க நடமாடிக்கிட்டு இருக்கு தம்பி."

"என்னம்மா சொல்றீங்க?"

"கிழிச்சுட்டேன்யா. இந்த வருசம் ஆளுக்காளு கால்ல புண்ணு. கட்டுறதுக்குத் துணி எங்க இருக்கு?"

அக்காலத்தில் கொசு கடித்துச் சொறிந்தால்கூடப் புண்ணாகி எலும்பு வரைக்கும் போகும். மருந்தில்லாத காலம். அம்மா தினமும் கூலி வீட்டு வரிசைகளுக்கு, லயம் லயமாகப் போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு வருவார். அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் பொங்கினேன்.

"சிலுவை போட்ட துண்டக்கூடவா?"

"அது முனியாண்டி கால்ல இருக்கு."

"முனியாண்டி அண்ணன் நம்ம சபையே இல்லையேம்மா!"

"அந்தப் புண்ணு எந்தச் சபைன்னு எங்கிட்ட சொல்லலியே தம்பி."

பின்னால் எஸ்தர் சிரித்தாள். நான் காது சிவந்து வெளியே வந்தேன். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற எண்ணமும் அன்று என் விசுவாசத்தில் கொஞ்சம் கலந்துவிட்டது.

துணி இல்லை, சரி. எங்களிடம் எது ஏராளமாக இருந்தது? ரப்பர்! பால் உறைந்து, உருளை மிஷினில் ஓடி வெளியே வரும் ஷீட்டைப் பார்த்திருப்பீர்கள். ஈரத்தில் அது பாலாடைபோல வெள்ளை வெளேரென்று இருக்கும். முன்னால் ஒரு ஷீட், பின்னால் ஒரு ஷீட், கைக்கு இரண்டு, கழுத்துக்கு ஓட்டை. அங்கி தயார். தைக்க நூல்கூட வேண்டாம், பாலையே தடவி ஒட்டிவிடலாம். ஆண்டவரே இந்த யோசனையைத் தந்தார் என்று முழங்காலில் நின்று நன்றி சொன்னேன். (அவர் இதில் சம்பந்தப்படவில்லை என்று பிறகு தெரிந்தது.)

பால் உறைய ஆசிட் கிடைக்கவில்லை. அதற்கு நாலு நாள் புளித்த கள்ளை ஊற்றினேன். பால் உறைந்தது. வாசமும் அதோடு சேர்ந்து உறைந்தது.

ஷீட்டுகளைப் புகையில் உலர்த்தும் கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர் முனியாண்டி அண்ணன்தான். காலில் கட்டோடு நொண்டிக்கொண்டே வந்து என் ஷீட்டுகளைத் தொட்டுப் பார்த்தார்.

"கம்பில மாட்டு தம்பி. நாலு நாள் புகை போட்டுத் தர்றேன்."

"வேணாம்ணே. புகை போட்டா பழுப்பாயிடும். வெள்ளையாத்தான் இருக்கணும்."

"அலாமாக்! புகை போடாத ஷீட்டு கைக்குழந்த மாதிரிடா. தூக்குனவன விடாது. வெயில் பட்டா உருகும். இது தெரியாமயா இத்தன வருசம் பால் வெட்டுன?"

"ஊபி மாவு தூவிக்கிறேன்ணே. ஒட்டாது."

"மாவு… அதுக்கு மேல வேர்வை… ஊபி மாவுல தண்ணி பட்டா என்ன ஆகும்னு உங்க வேதத்துல போடலியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். போனவர் சும்மா போகவில்லை. தாவீது ரப்பரில் சட்டை போட்டுக்கொண்டு பூசை பண்ணப் போகிறான் என்று ஆறு லயத்துக்கும் சொல்லிவிட்டார்.

ஆகவே கிறிஸ்துமஸ் காலையில் ஜெபவீடு நிரம்பி வழிந்தது. நம் சபையார் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். சன்னலில் மற்றவர்கள். வாசற்படியில் முனியாண்டி அண்ணன். பார்த்தாயா, அங்கியின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே நடந்தேன். ஒவ்வோர் அடிக்கும் அங்கி கிறீச், கிறீச் என்று கத்தியது. நடந்த வழியெல்லாம் மாவு உதிர்ந்தது. முன்வரிசையில் ஒரு பாட்டி மூக்கைச் சுளித்து, "காலங்காத்தாலயே கள்ளப் போட்டுட்டு வந்துட்டானா?" என்று பக்கத்தில் கேட்டது எனக்கும் கேட்டது. நான் அசரவில்லை. பாட்டுப் பாடினோம். உள்ளே வேர்வை ஆறாக ஓடியது. சட்டென்று கையைத் தூக்க முடியவில்லை, அக்குள் ஒட்டிவிட்டது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். "ஜெபம் செய்வோம்" என்று முன்னால் கிடந்த பலகையில் முழங்காலில் நின்றேன்.

நல்ல நீள ஜெபம். சயாமுக்குப் போனவர்கள் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி ஜெபித்தேன். ஆமென் என்றேன். எல்லோரும் எழுந்தார்கள். நான் எழவில்லை. எழ முடியவில்லை. மாவும் வேர்வையும் சேர்ந்து பசையாகி, அங்கி முழங்காலோடும், முழங்கால் பலகையோடும் ஒன்றாகிவிட்டது.

நான் இன்னும் ஜெபத்தில் இருக்கிறேன் என்று நினைத்துச் சபை மறுபடி முழங்காலிட்டது. வேறு வழியில்லாமல் நானும் தொடர்ந்தேன். நோயாளிகள், விதவைகள், நாலு கால் ஜீவன்கள். ஆமென். எழுந்தார்கள். நான் எழவில்லை. மறுபடியும் முழங்காலிட்டார்கள். முழங்காலில் புண் உள்ளவர்கள் முனகுவது கேட்டது. மூன்றாவது ஜெபத்தில் ஜெபிக்க ஆளே இல்லாமல், குருண் சாலையில் இருந்த பாலங்களுக்காக ஜெபித்தேன்.

அப்போது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. மெதுவாகத்தான். ஆனால் ஜெபவீடு முழுக்கக் கேட்டது.

"அம்மா… அண்ணே ஒட்டிக்கிட்டாரு."

கூரை பறக்கும்படி ஒரு சிரிப்பு. இரண்டு பேர் தோளைப் பிடித்து இழுத்தார்கள். பலகையும் சேர்ந்து வந்தது. "இழுக்காதீங்கலா, தோல் உரிஞ்சுரும்!" என்று முனியாண்டி அண்ணன் பால் வெட்டும் கத்தியோடு உள்ளே நொண்டி வந்தார். என் முன்னால் உட்கார்ந்து, தோள் பக்கமிருந்து சாய்வாக வெட்ட ஆரம்பித்தார்.

"ஆடாத தம்பி. பட்டைய மட்டும் எடுக்கணும், மரம் காயப்படக் கூடாது."

அங்கி பட்டை பட்டையாக உரிந்தது. ஐந்து நாள் எழுதிய பிரசங்கத் தாளும் உள்பக்கம் ஒட்டிக்கொண்டு அதோடு போனது. உள்ளே நான் போட்டிருந்தது கோணிச் சாக்குக் கால்சட்டை. பின்பக்கம் அரிசி மூட்டையின் பெரிய யானை முத்திரை. எஸ்தர் பார்க்க, ஊரே பார்க்க. ஓடிவிட வேண்டும், சாவியைக் கிணற்றில் போட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

தலையைக் குனிந்தேன். முனியாண்டி அண்ணன் நீட்டியிருந்த கால் கண்ணில் பட்டது. வெள்ளைக் கட்டு. கட்டின் மேல் சிவப்பு நூல் சிலுவை. நிமிர்ந்து பார்த்தேன். பாட்டியின் கணுக்காலில் அங்கியின் பொத்தான் வைத்த ஓரம். ஒரு குழந்தையின் முழங்கையில் கைப்பட்டை. அங்கி எனக்கு முன்னாலேயே ஆராதனைக்கு வந்து, வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தது.

உபதேசியார் அம்மா ஒரு தகரக் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து என் முகத்தைத் துடைத்தார். "அழுவாதய்யா. ஆளுக வந்திருக்காக. படி."

படித்தேன். சாக்குக் கால்சட்டையோடு, யானை தெரியாமல் சுவரோரம் நின்றுகொண்டு, பிறப்பின் பகுதியைப் படித்தேன். தாய் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கிடத்திய இடம் வந்ததும் என் கண் முனியாண்டி அண்ணனின் கட்டுக்குப் போனது. சிரித்த சனமும் தலை குனிந்தது. எஸ்தர் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். அழுகிறாள் என்று அப்போது நினைத்தேன். (இல்லையாம். உங்கள் அம்மாவையே கேளுங்கள்.)

அடுத்த ஞாயிறு ஜெபவீட்டில் பாதிக்கு மேல் ஆள். இன்னும் எதிலாவது ஒட்டிக்கொள்வேனா என்று பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். வரட்டும். பிரசங்கத்தைச் சுருக்கிவிட்டு, அம்மாவோடு லயத்துக்குப் போய்ப் புண் கழுவக் கற்றுக்கொண்டேன். ஜெபவீடு ஒரு ஞாயிறும் மூடவில்லை.

சண்டை முடிந்து உபதேசியார் திரும்பி வந்தார். எலும்பும் தோலும். காலில் பெரிய புண். பல நாள் யாரோடும் பேசவில்லை. நான் சாவியைக் கொடுத்தபோதும் பேசவில்லை. ஒரு மத்தியானம் எஸ்தர் அவர் காலுக்குக் கட்டுப் போட்டபடியே அங்கிக் கதையைச் சொன்னாள். பாலங்களுக்கு ஜெபித்த இடம் வந்ததும் அவர் தோள் குலுங்கியது. பயந்துபோய் ஓடி வந்தோம். மனுசர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் எங்களுக்குக் கல்யாணம். இரவல் கோட்டு. எஸ்தரின் கையைப் பிடித்து என் கையில் கொடுக்கும் முன்பு, கல்யாணம் நடத்திய பாதிரி அய்யர் பார்க்க, சபை பார்க்க, உபதேசியார் குனிந்து என் கோட்டுக் கையைக் கிள்ளிப் பார்த்தார்.

"துணிதானே தம்பி?"

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நான் புதுச்சட்டை போட்டு வரும்போது நீங்கள் ஓடிவந்து கிள்ளிப் பார்த்துவிட்டுச் சிரிப்பது இதனால்தான். இப்போது காரணம் தெரிந்துகொண்டீர்கள். கிள்ளுங்கள். ஆனால் கிள்ளிய கையோடு, போன வருடத்துச் சட்டையைக் கிழித்து, வெந்நீரில் அலசி, அம்மாவின் கட்டுத்துணிப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் கோயிலுக்குக் கிளம்ப வேண்டும். அதில் மட்டும் உங்கள் அப்பா இன்னும் பிடிவாதக்காரர்தான்.