பால் பூத்தில் ஒரு பாரசீக வாக்கியம்

குழந்தைகளே, பால் வாங்கும் வரிசையைப் பாரசீக வாக்கியமாக நிறுத்திய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் டெல்லி மயூர் விஹார் கார்டு பெட்டி சார்.

அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். ஆப்கான் நோயாளிகளுக்கும் டாக்டர்களுக்கும் நடுவே பேசிப் புரியவைக்க ஓர் ஆஸ்பத்திரியில் ஆள் தேடினார்கள். ஆப்கான்காரர்கள் பலர் பேசுவது பாரசீகம். ஐம்பது வயதில் சார் அதைப் படிக்க உட்கார்ந்துவிட்டார்.

“இந்தியில பஸ்கூடப் பெண்பால். இத்தனை வருஷமா அதை ஆணாக்கிச் சிரிப்பு வாங்கறேன். பாரசீகத்துல அவன், அவள் ரெண்டுக்கும் ஒரே சொல்லு. நமக்காகவே செஞ்ச பாஷை” என்பார்.

நம் தமிழைப் போலவே அதிலும் வினைச்சொல் கடைசியில் வரும், ரயிலுக்குக் கார்டு பெட்டி மாதிரி. இதைச் சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் வாங்கினார்.

புத்தகத்தில் படித்தால் அவருக்கு ஏறாது. ஆட்களை நிறுத்தினால்தான் ஏறும். ஆகவே தினமும் காலையில் பூத் வரிசையைப் பிடித்துக்கொண்டார். முதலில் அவரே ‘மன்’, அதாவது ‘நான்’. முதல் பாலும் அவருக்கே. அது இலக்கணத்தின் ஏற்பாடாம். பிறகு எதிர்வீட்டுத் தம்பதி. நாம் ‘கடையிலிருந்து’ என்போம். பாரசீகத்தில் ‘இருந்து’ முன்னால், கடை பின்னால். எனவே மனைவி ‘அஸ்’, கணவர் ‘துகான்’. மனைவிக்கு அந்த மொழி மிகவும் பிடித்துப்போனது. பத்தாவதோடு நின்ற நான் ‘ஷீர்’, பால். கடைசியில் மூன்றாம் மாடி மாமி, ‘கரீதம்’, வாங்கினேன்.

மாமிக்கு எப்போதும் மிஞ்சுவது கசிகிற பாக்கெட்.

“தெனமும் நான்தான் கடைசியா?”

“கோவிச்சுக்காதீங்க மாமி. ‘கரீதம்’ல இருக்கிற ‘அம்’, நம்ம ‘வாங்கினேன்’ல இருக்கிற ‘ஏன்’ மாதிரி. நான் வரலேன்னாலும் நீங்க ஒருத்தரே என்னையும் சேத்துச் சொல்லிடுவீங்க.”

“பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லே” என்பார் மாமி, பாக்கெட்டை ஒழுகாமல் பிடித்தபடி.

ஆஸ்பத்திரியில் பேசிக்காட்ட வேண்டிய நாள் வந்தது. அன்று சார் வரிசையில் நிற்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு ஓரமாக நின்றார். எல்லாம் மறந்துவிட்டதாம், வீட்டுக்கே திரும்பிப் போகிறேன் என்றார்.

வீட்டில் விருந்தாளிகள் என்று மாமி அன்றைக்குத்தான் முதல் ஆளாக வந்திருந்தார். சாரை ஒரு பார்வை பார்த்தார். நடந்துபோய்க் கடைசியில் நின்றார்.

“அவாவா எடத்துல நில்லுங்கோ. சார், ஆரம்பியுங்கோ.”

சார் ஒவ்வொருவராக விரல் நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். மாமியிடம் வந்ததும் வாய் நின்றுவிட்டது.

“கரீதம்” என்றார் மாமி. “இத்தனை நாள் கசியற பால் வாங்கினது வீணாப் போகப்படாது. கெளம்புங்கோ.”

வேலை கிடைத்துவிட்டது. இப்போது சார் விடியுமுன் முதல் மெட்ரோவுக்கு ஓடுகிறார். பூத்துக்கு வர முடிவதில்லை. வரிசையில் யார் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். ஆனால் போன வாரம் ஓர் இந்திக்காரர் மாமிக்குப் பின்னால் வந்து நின்றார். மாமி அவரை இந்தியில் அதட்டித் தனக்கு முன்னால் அனுப்பினார். தனக்கப்புறம் யாரும் நிற்கக் கூடாதாம்.

பிறகு இரண்டு பாக்கெட் வாங்கினார். கசிந்ததைத் தனக்கு வைத்துக்கொண்டு, நல்லதைச் சாரின் கதவில் மாட்டிவிட்டு மாடியேறினார்.