நாற்பது மீட்டர் கயிறு

கதவிலிருந்து கேட் வரை பன்னிரண்டு மீட்டர். அதில் ஏழாவது மீட்டரிலேயே வரைவாளர் சிலையாக நின்றுவிட்டார்.

“கால் வரலக்கா.”

“காலை யாருடா கேட்டா? உன்னைத்தான் வரச் சொல்றேன்.”

ஊர்த் தெருக்களையெல்லாம் அளவு பிசகாமல் காகிதத்தில் வரைகிறவர், நாலு வருஷமாகத் தெருவில் கால் வைத்ததில்லை. வாசலைத் தாண்டினால் வானம் தலையில் கவிழ்ந்துவிடும் போலிருக்கும். ஞாயிற்றுக்கிழமை அக்கா மாற்றலாகி வேறு ஊருக்குப் போகிறாள். அதற்குள் தனியாகக் கடைக்குப் போய்வரப் பழகியாக வேண்டும். இல்லாவிட்டால் பெரியண்ணன் வீட்டுப் பின்னறைதான். பெரியண்ணன் வாரத்துக்கு ஒரு தடவைதான் பேசுவார், அதுவும் திட்டுவதற்கு.

முதலில் குடை கொடுத்தாள். வானம் மறைந்தது. ஆனால் குடைக்குள் தன் மூச்சே வேறு யாரோ காதோரம் விடும் மூச்சாகக் கேட்க, குடையை வீசிவிட்டு ஓடிவந்தார்.

அடுத்து போன். அக்கா காதில் பேசிக்கொண்டே இருந்தாள். பாதி வழியில் லைன் அறுந்தது. பக்கத்து வீட்டு டிரைவர்தான் தூக்கிவந்து போட்டார்.

“கண்ணையே திறக்க மாட்டேங்கிறாரும்மா. எதுக்கும் மூச்சு இருக்கான்னு பாத்துக்குங்க.”

கடைசியில் கயிறு. நாற்பது மீட்டர். ஒரு முனை அவர் இடுப்பில், மறுமுனை வாசலில் அக்கா கையில். அவர் இழுத்தால் ‘இருக்கியா?’ அக்காவின் பதில் இழுப்பு ‘இருக்கேன்.’ திரும்பிப் பார்க்கக் கூடாது; பார்த்தால் வீட்டுக்கு ஓடிவிடுவார். நாளுக்கு ஐந்து மீட்டர் கூடியது.

சனிக்கிழமை மதியம் பரீட்சை. கடை நூற்றுமுப்பதாவது மீட்டரில்.

“கயிறு விறைச்சதும் அவிழ்த்துப் போட்டுட்டு, மிச்சத்தை நீயே நட.”

முப்பத்தொன்பது. நாற்பது. கயிறு விறைக்கவில்லை. நாற்பத்தொன்று. அவர் அளவு தப்பாது.

தெருவில் ஈ காக்கை இல்லை. காற்றே இல்லாமல் ஒரு ஜன்னல் திரை மட்டும் அசைந்தது. கயிற்றை இழுத்தார். பதில் வந்தது.

அறுபது. எண்பது. பின்னால் எங்கோ செருப்புத் தேய்ந்தது. அவர் நின்றால் அதுவும் நின்றது. பிறகு கயிறே முதலில் இழுத்தது.

இருக்கியா?

கேட்க வேண்டியவர் அவரல்லவா? பதில் இழுத்தார். பத்தடிக்கு ஒருதரம் அது கேட்டது. பத்தடிக்கு ஒருதரம் அவர் சொன்னார். வானத்துக்குப் பயப்பட நேரமில்லை. கடைக்குள் போய் விழுந்தார்.

உள்ளே அக்கா சாமான் கட்டுவதற்கான அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். “வந்துட்டியாடா!”

“நீ இங்கேன்னா... கயிறு?”

“மாடி டீச்சர்கிட்டக் குடுத்து, இழுப்புக் கணக்கையும் சொல்லிட்டுப் பின்சந்து வழியா வந்தேன். வீட்டுக்காரர் போனதிலேர்ந்து மூணு வருஷமா கேட்டையே தாண்டாதவங்க. அந்த இடத்தைவிட்டு அசைய மாட்டாங்கன்னுதான்...”

இடுப்பில் கயிறு மறுபடி இழுத்தது. கடைக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டே தெருவில் இறங்கிப் போய், மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

“டீச்சரம்மா மின்கம்பத்தைக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க சார். ‘வழியெல்லாம் இருக்கியா இருக்கியான்னு கேட்டேன், ஒருதரம்கூட விடாம இருக்கேன்னான், இனிமே அந்தத் தம்பியே தினம் என்னைக் கூட்டிட்டு வரட்டும்’கிறாங்க!”