கையெழுத்துக்குத் தனி விலை வேண்டாம், மாப்பிள்ளை

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்கால் நீங்கலாக அனைவரும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் பதிப்பகமும் நலமென்று நம்புகிறேன்.

காலமெல்லாம் லிப்ட் ரிப்பேர் பார்த்தவன் எழுதியதையும் புத்தகமாகப் போட்ட உங்கள் பெரிய மனதை நான் மறக்கவில்லை. ஆனால் 'ஆசிரியர் கையெழுத்திட்ட பிரதி' என்று அட்டையில் ஒட்டி அதற்கு மட்டும் கூடுதல் விலை வைத்தீர்களே, அதில்தான் என் நிம்மதி போயிற்று. மை காய்வதற்குள் மூடிவிட்டதில் முதல் கட்டு முழுக்கக் கையெழுத்து எதிர்ப்பக்கத்திலும் பதிந்துவிட்டது, ஒரு வாசகர் வீடு தேடி வந்து, "ரெண்டு கையெழுத்துக்கும் சேர்த்தா சார் வாங்கறீங்க?" என்கிறார், சரியென்று அடுத்த கட்டை ஊதி ஊதிக் காயவைத்து முத்து முத்தாகப் போட்டு அனுப்பினால் கடைக்காரர், "அச்சடிச்ச மாதிரி இருக்கு, யாரும் நம்ப மாட்டேங்கறாங்க, கொஞ்சம் கிறுக்கலா போட்டுக் குடுங்க" என்கிறார், முடி வெட்டிக்கொள்ளப் போனால் அந்த மனுஷன், "நானும் வெட்டி முடிச்சுப் பின்கழுத்துல கையெழுத்துப் போட்டா மேல போட்டுக் குடுப்பீங்களா?" என்கிறார். கத்தரி அவர் கையில் இருந்ததால் சிரித்து வைத்தேன்.

இதெல்லாம் போகட்டும். அடுத்த தெருவில் இருக்கிற என் அக்கா இருக்கிறாளே, கிரீஸ் கையோடு நான் போய் நிற்கும்போதெல்லாம் "இன்னிக்கு லிப்ட்ல யார்டா மாட்டினாங்க?" என்று கேட்டு எல்லாக் கதையையும் முதலில் கேட்டவள் அவள்தான். அவள் கேட்டிராவிட்டால் நான் ஒரு வரி எழுதியிருக்க மாட்டேன். அவளுக்கென்று எடுத்து வைத்த பிரதியை உங்கள் மாமியார் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட, பொறுக்கமாட்டாமல் அக்கா கடைக்கே போய்விட்டாள். கையெழுத்துக்கு மேலே பணம் கேட்டிருக்கிறார்கள். "நான் தூக்கி வளத்த பய. அவன் கையெழுத்துக்கு எங்கிட்டயே காசா?" என்று புத்தகத்தை வைத்துவிட்டு வந்தவள், அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. போன் போட்டால் அத்தான் எடுக்கிறார். எந்நேரம் கேட்டாலும் அவள் தூங்குகிறாளாம். எனக்குச் சோறு இறங்கவில்லை, மாப்பிள்ளை.

கையெழுத்து என்பது படிக்கிறவரைப் பார்த்து நாம் வைக்கிற வணக்கம். வணக்கம் சொல்லிவிட்டு யாராவது காசுக்குக் கை நீட்டுவார்களா? அதனால் அந்த ஒட்டுச்சீட்டுகளை இன்றைக்கே கிழித்துவிடுங்கள். மகளுக்கு என் ஆசிகள். இருவரும் நீடு வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது அக்காவே வந்து நிற்கிறாள். மறுபடி கடைக்குப் போனாளாம். பக்கத்து அலமாரியில் வேறொருவர் புத்தகம், கையெழுத்துக்கு நம்மைப்போல் மூன்று மடங்காம். "அவன் கையெழுத்து அந்த விலைன்னா உன்னுது எதுல கொறஞ்சு போச்சு? உங்க மாப்பிள்ளை உன்னை இவ்வளவுக்குத்தான் மதிக்கிறாரா?" என்று உட்காரக்கூடச் செய்யாமல் சண்டை. ஆகவே, மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். விலையை உடனே ஏற்றுங்கள். ஏற்றிய பிறகுதான் வாங்குவாளாம், அதுவும் முழு விலை கொடுத்து. நான் சும்மா தருகிறேன் என்றேன். "போடா, என் தம்பி சும்மா கெடைக்கிறவன் இல்லேன்னு அந்தக் கடைக்காரனுக்குத் தெரியணும்" என்கிறாள்.